லூர்து டீச்சருக்குக் கேட்ட சத்தம்

டைமிங் செயின் டென்ஷனரை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்பதை, மெக்கானிக் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இப்போதெல்லாம் வீடியோவே போட்டுக் காட்டுகிறார்கள். அதில் நான் புகுந்து குழப்பப் போவதில்லை. அதை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிற நேரத்தில், கையில் ஸ்பேனர் எடுப்பதற்கும் முன்னால், நம்மைச் சுற்றி என்னவெல்லாம் நடக்கும் என்பதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்த ஒரு சங்கதி.

அப்போது திருச்சி ரோட்டில், வடமதுரை போகிற வழியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபோர்மேன். ஒரு மத்தியான வேளையில் ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் காரில் வந்து இறங்கினார்கள். கணவர் சவரிராயன், ஊரில் பம்ப் மோட்டார் கடை வைத்திருந்தார். மனைவி லூர்து மேரி, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் லூர்து டீச்சர். டீச்சர்தான் முதலில் பேசினார்.

"தம்பி, காலைல வண்டிய எடுக்கும்போது ஒரு சத்தம் வருது. தகர டப்பால கூழாங்கல்லப் போட்டுக் குலுக்குன மாதிரி. ரெண்டு செகண்டுதான். அப்புறம் நின்னுரும். பகல் பூரா வராது."

எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு இதைக் கேட்டதும் ஒரு பெயர் மனதில் வந்துவிடும். எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தொய்ந்துவிடாமல் அழுத்திப் பிடித்திருப்பது டென்ஷனர். எண்ணெய் அழுத்தத்தில்தான் அதற்குப் பலம். இரவெல்லாம் வண்டி சும்மா நின்றால் எண்ணெய் கீழே இறங்கிவிடும். டென்ஷனர் தளர்ந்திருந்தால், காலையில் எண்ணெய் மறுபடி ஏறுகிறவரை செயின் ஆடி, பக்கவாட்டில் அடிக்கும். ஏறியதும் சத்தம் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று விட்டால், ஒரு நாள் செயின் பல் தாண்டும்; வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்; எஞ்சின் ஓடுகிற ஓட்டத்திலேயே நின்று போகும். ஆனால் அவர்கள் வந்ததோ சூடான வண்டியில். ஸ்டார்ட் செய்து பார்த்தேன், பஞ்சு மாதிரி ஓடியது. ஸ்கேனர் மாட்டிப் பார்த்தேன், அதிலும் ஒன்றும் இல்லை.

சவரிராயன் என் தோளைத் தொட்டு, கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்த பக்கமாக அழைத்துப் போனார். அந்த இரைச்சலில் நாங்கள் பேசுவது டீச்சருக்குக் கேட்காது.

"தம்பி, ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. இவ தங்கச்சி தவறிப்போச்சு. அதுல இருந்து போன் அடிக்குது, போன் அடிக்குதும்பா. அடிக்கவே அடிக்காது. தங்கச்சிதான் கூப்புடுறா, எடுங்கம்பா. மதுரைல டாக்டர்ட்ட காட்டி, மாத்திர சாப்ட்டு, இப்பத்தான் நல்லாருக்கா. இப்ப என்னடான்னா கார்ல சத்தம் கேக்குதுங்கிறா. மறுபடி ஆரம்பிச்சுருச்சோன்னு பயமா இருக்கு."

"ஒங்களுக்குக் கேக்கலையா?"

"நான்தானய்யா ஓட்டுறேன். எனக்குக் கேக்காதா? காட்டுன எடத்துல எல்லாம் ஒண்ணுமில்லன்னுட்டாங்க. நீங்க ஒரு உபகாரம் பண்ணுங்க. எதையோ ஒண்ண மாத்திட்டோம், சரியாப்போச்சுன்னு அவகிட்டச் சொல்லிப்புடுங்க. மனசு அடங்கிரும். நாளைக்குக் காலைல தஞ்சாவூர் போயி மகளக் கூட்டியாரணும். தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு லீவும் அன்னைக்கு ஒரு நாள்தான்."

அவர் கேட்டதில் கள்ளம் இல்லை. கண் கலங்கித்தான் கேட்டார். மனைவி மேல் உயிராக இருக்கிற ஒரு மனிதர், அவருக்குத் தெரிந்த மருந்தை என்னிடம் கேட்டார். உங்களுக்கும் இப்படிக் கேட்பவர்கள் வருவார்கள். ஏமாற்றச் சொல்லி வருகிறவனை விரட்டிவிடலாம். அன்பினால் பொய் சொல்லச் சொல்லி வருகிறவரிடம் என்ன சொல்வது?

நான் டீச்சரிடம் திரும்பி வந்தேன். "சத்தம் கேக்கும்போது நீங்க எங்க நிப்பீங்க டீச்சர்?" என்றேன்.

அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் நிமிர்ந்தார். "நான் வீட்டு கேட்டத் தெறந்துட்டு நிப்பேன் தம்பி. வண்டிக்கு முன்னாடி, இந்தா, இம்புட்டுப் பக்கத்துல. இவுங்க உள்ள உக்காந்து கண்ணாடிய ஏத்திவிட்டு, ஏசியும் ரேடியோவும் போட்டுத்தான் கிளப்புவாங்க."

வண்டியை இரவு எங்களிடம் விட்டுப் போகச் சொன்னேன். காலையில் நீங்கள் வந்து நின்ற பிறகு, உங்கள் முன்னாலேயே ஸ்டார்ட் செய்கிறேன் என்றேன். சவரிராயனுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் டீச்சரின் முகத்தைப் பார்த்து, சரி என்றார்.

மறுநாள் காலை இருவரும் பயணத்துக்கே தயாராக வந்துவிட்டார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, மகளுக்கென்று ஒரு தலையணை. எங்கள் ஓனரும் வந்து நின்றார். வேலைக்கு வந்த மெக்கானிக்குகள் சிலரும் கூடிவிட்டார்கள். டீச்சரை பானெட்டுக்கு முன்னால், வீட்டில் நிற்கிற மாதிரியே நிற்கச் சொன்னேன். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

சத்தம் வரவில்லை.

எஞ்சின் ஒரு முனகல்கூட இல்லாமல் எடுத்துக்கொண்டது. அணைத்து, மறுபடி திருப்பினேன். அப்போதும் இல்லை. நான் இறங்கி வந்தபோது டீச்சர் காரைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"அப்ப எனக்குத்தானா?" என்றார். "திரும்பவுமா?"

சவரிராயன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேரி. ஒண்ணுமில்ல வா" என்றார். அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையில், நேற்றுக் கேட்டதை இப்போதாவது செய்யுங்கள் என்ற கெஞ்சல் இருந்தது. ஓனர் என் காதருகில் வந்து, "வண்டி நல்லாத்தானப்பா இருக்கு? ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பி விடு. ஊருக்குப் போறவுங்கள நிப்பாட்டி வைக்காத" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நல்ல வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு இல்லாத ரிப்பேரைத் தேடுகிறார்கள் என்ற பெயர் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் போகாது.

அந்த இடத்தில் நான் நின்ற நிலையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒண்ணுமில்ல என்று ஒரு நாளைக்கு எத்தனை வண்டிக்குச் சொல்கிறோம்! வாயில் தானாக வருகிற சொல் அது. ஆனால் அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, நான் சொல்லப் போகிற சொல் காரின் மேல் விழப் போவதில்லை என்று புரிந்தது. அது அவர் மேல் விழப் போகிறது. இதுவரை வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒண்ணுமில்ல ஒவ்வொன்றும், அவருக்கு அறிவு பிசகிவிட்டது என்று சொன்ன சாட்சியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எதையோ மாற்றிவிட்டோம் என்று பொய் சொன்னாலும் அதே கதிதான். சத்தம் நாளைக்கு மறுபடி வந்தால், மாற்றிய பிறகும் கேட்கிறதே என்று அந்த அம்மா தன்னையே நம்பாமல் போய்விடுவார்.

எனக்கு என்ன தெரியும்? எனக்குக் கேட்கவில்லை என்பது தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"டீச்சர், எனக்கும் கேக்கல" என்றேன். "ஆனா கேக்காததுனால இல்லன்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியல. அம்புட்டுத்தான் இப்ப என்னால சொல்ல முடியும்."

ஓனர் முகத்தைச் சுளித்தார். சவரிராயனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தம்பி, ஃபோர்மேன்ங்கிறீங்க, தெரியலங்கிறீங்க? தெரியலன்னு சொல்றதுக்கா ராத்திரி பூரா வச்சிருந்தீங்க?"

சும்மா நிற்க முடியாமல் பானெட்டைத் தூக்கினேன். எதையும் தேடவில்லை. பழக்கத்தில் கை எஞ்சினின் மேல் போனது. வெதுவெதுப்பாக இருந்தது. இரவெல்லாம் நின்ற எஞ்சின், விடிகாலைக் குளிரில் ஜில்லென்று இருக்க வேண்டும். இப்போது ஓடிய சில நொடியில் அந்தச் சூடு வராது. வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இந்த வண்டிய யாரும் எடுத்தாங்களா?"

"நான்தாண்ணே எடுத்தேன். விடியக்காலம் தண்ணி லாரி வந்துச்சு. வழி விடணும்னு அந்தப் பக்கம் தள்ளி, அணைக்காமயே நிப்பாட்டி, லாரி போனப்புறம் இங்கயே கொண்டாந்து விட்டேன்" என்றார் அவர். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மிரண்டு போனார். "ஏண்ணே, ஏதும் தப்பாப்போச்சா?"

தப்பு அவருடையது அல்ல. எடுக்கக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் விடிகாலையில் அவர் ஸ்டார்ட் செய்தபோதே எண்ணெய் ஏறிவிட்டது. சத்தம் வந்திருந்தால் அப்போதே வந்து போயிருக்கும். லாரி இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது. நாங்கள் பார்த்த சோதனை சோதனையே அல்ல. அதை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். இனி எஞ்சின் முழுக்க ஆறி, எண்ணெய் இறங்கினால்தான் தெரியும். சாயங்காலமாவது ஆகும் என்றேன்.

"சாயங்காலமா? மக அங்க பொட்டியக் கட்டி வச்சுட்டு உக்காந்திருக்கு" என்றார் சவரிராயன். "போயிட்டு வந்து விடுறேன். அப்புறம் நீங்க ஒரு வாரம்கூட வச்சுப் பாருங்க."

"ஐயா, இந்த வண்டில பிள்ளத்தாச்சிய ஏத்த வேணாம்."

"கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, கேக்குறேன். தெரியலங்கிறீங்க, போகவும் வேணாங்கிறீங்க. நீங்களும் அவகூடச் சேந்துக்கிட்டா நான் எங்கதான் போறது?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். எனக்குச் சாட்சி இல்லை. அந்தக் கார் தஞ்சாவூர் போய்விட்டு நல்லபடியாகத் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் டீச்சர் சொன்ன அடையாளங்கள் ஒவ்வொன்றும் சரியாக இருந்தன. காலையில் மட்டும், இரண்டு நொடி மட்டும், எஞ்சினுக்கு முன்னால் நிற்கிறவருக்கு மட்டும். இல்லாத சத்தத்தைக் கேட்கிற மனம், எண்ணெய் இறங்குகிற நேரம் பார்த்தா கேட்கும்? வண்டி நல்லபடியாக இருந்தால் எனக்குக் கெட்ட பெயர், அவ்வளவுதான். இல்லையென்றால், லாரிகளுக்கு நடுவே நாற்கரச் சாலையில் எஞ்சின் நின்று போன காருக்குள் நிறைமாதக் கர்ப்பிணி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பேச வேண்டியது தெரிந்துவிட்டது. அதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

டீச்சர்தான் முடிவெடுத்தார். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தார்.

"நீங்க வாடகைக் காரு ஒண்ணு பிடிச்சுப் போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"நீ வராம எப்பிடி மேரி? பிள்ள தேடுமே."

"தேடட்டும். எனக்குத் தெரிஞ்சாகணும்ங்க. வண்டில இருக்கா, என் மண்டைக்குள்ள இருக்கான்னு தெரியாம பேரப்பிள்ளைய எப்பிடிக் கைல வாங்குவேன்?"

சவரிராயன் வாடகைக் காரில் தலையணையோடு தனியாகப் போனார்.

டீச்சர் அன்று முழுவதும் அந்தக் காருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏசி அறை இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை. கையில் ஜெபமாலை இருந்தது. உருட்டினாரா என்று நான் பார்க்கவில்லை. மத்தியானம் தூக்கைத் திறந்து எங்களுக்குப் புளிச்சோறு எடுத்து வைத்தார். வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்குப் பொரியல். வாட்ச்மேன் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றபோது, "ஒங்க மேல என்னண்ணே இருக்கு, வந்து சாப்புடுங்க" என்று அவரைத்தான் முதலில் உட்கார வைத்தார். எனக்கு மட்டும், சாயங்காலமும் சத்தம் வராவிட்டால் இந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றே ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வாடகைக் கார் வந்து நின்றது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா வழியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சின் ஆறி நெடுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் நான் தொடாமல் காத்திருந்தேன். இது எனக்குக் கேட்பதைவிடச் சவரிராயனுக்குக் கேட்க வேண்டும்.

சவரிராயனை பானெட்டுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், டீச்சர் நின்ற அதே இடத்தில் நிறுத்தினேன். டீச்சர் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினேன்.

கரகரகரவென்று வந்தது. தகர டப்பாவும் கூழாங்கல்லும். அந்த அம்மா சொன்னபடியே. இரண்டு நொடி, அப்புறம் அடங்கிவிட்டது. அடுத்த வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கும்கூடத் தலையை வெளியே நீட்டினார்.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். சவரிராயன் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி, "இதுவா மேரி?" என்றார்.

"இதுதான்."

"தெனமும் இதையா கேட்டுக்கிட்டு நின்ன?"

டீச்சர் தலையை ஆட்டினார். அழுகை அப்போதுதான் வந்தது. காலையிலிருந்து வராதது. மகள் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் ஏதோ ஸ்பேனரைத் தேடுகிறவன் மாதிரி உள்ளே போய்விட்டேன்.

எஞ்சின் கவரைக் கழற்றியபோது டென்ஷனர் பிடி விட்டிருந்தது. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் தடத்தில் ஒரு ஓரம் உடைந்து, துண்டு எண்ணெய்த் தொட்டியில் கிடந்தது. தஞ்சாவூர் போய்த் திரும்பும் வரை அது தாங்கியிருக்குமா என்று பலர் என்னைக் கேட்டார்கள். தாங்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவர்களைக் காப்பாற்றினேன் என்று நான் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை.

மாட்டும்போது ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். புது டென்ஷனரையும் தடத்தையும் பொருத்திவிட்டு, ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சினை ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தோம். இதை ஒருநாளும் விடாதீர்கள். சுற்றியவர் செல்வம், என் வயதுக்காரர், கை தேர்ந்தவர். பாதியில் ஸ்பேனர் நின்றது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு, வண்டி எப்போது வரும் என்று சவரிராயனும் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். "புதுசுல்ல, செத்த இறுக்கமாத்தான் இருக்கும்" என்று செல்வம் உடம்பைச் சாய்த்து அழுத்தப் போனார்.

"விடு செல்வம். ஏன் நிக்கிதுன்னு பாப்போம்" என்றேன்.

முறைத்தார். பிறகு அவரே விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தார். செயின் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. அழுத்தியிருந்தால் வால்வு வளைந்திருக்கும். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி மாட்டினோம். சவரிராயனுக்குப் போன் செய்து, இன்றைக்கு வண்டி வராது என்று சொன்னேன். இந்தத் தடவை அவர் ஏன் என்று கேட்கவில்லை. "ஒங்களுக்குத் திருப்தியானதும் சொல்லுங்க தம்பி, வாரேன்" என்றார். காதுக்கு வந்த சத்தமானாலும் கைக்கு வந்த தடையானாலும், நமக்கு வேண்டாத நேரத்தில் வந்தது என்பதற்காக அதைத் தள்ளக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலை முடிந்த மறுநாள், வண்டியை எடுக்க இருவரும் விடிந்ததும் வந்தார்கள். டீச்சர் முன்னால் நின்று கேட்டார். சத்தமில்லை. இன்னொரு தரம் கேட்கிறீர்களா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, இன்னொரு தரம் ஸ்டார்ட் செய்யச் சொல்லி அவரும் கேட்கவில்லை. ஓனரிடம் விடைபெற அவர் உள்ளே போனபோது சவரிராயன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து சாயங்காலம் மேரி, மாடில எங்கயோ தண்ணி சொட்டுதுன்னா தம்பி" என்றார். "ஏறிப் போயிப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. கீழ வந்து, எனக்குக் கேக்கல, நீ வந்து காட்டுன்னு கூட்டிக்கிட்டுப் போனேன்."

"சொட்டுச்சா?"

"இல்ல. டேங்க், குழாய், எல்லாத்தையும் ரெண்டு பேருமாத் தேடிப் பாத்தோம். எங்கயும் இல்ல." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கடைசில அவளே சொல்றா, 'இது சும்மா எனக்குக் கேட்டதுதான் போலருக்கு, வாங்க, போயி டீ போடுவோம்'னு."